ஊர் கொடுத்த சலுகை

வைகாசி பிறந்துவிட்டால் வற்றாப்பளையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேறு பேச்சில்லை. பாக்குத்தெண்டல் முடிந்து, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி, கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் ஆயத்தமாகும். நேர்த்திக்காரர் வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. ஆண்டு முழுவதும் குடிக்கிறவர்களிலும் பலர் அந்த நாட்களில் அம்மாளாச்சிக்குப் பயந்து போத்தலைத் தொடமாட்டார்கள். எந்தச் சுவரொட்டியாலும் முடியாத காரியத்தை ஒரு கோயில் செய்துவிடுகிறது.

இப்படி நிறுத்துகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு கெடுதலும் வராது. நன்றாக நித்திரை வரும், கையில் காசு மிஞ்சும். ஆனால் மிகச் சிலருக்கு வேறொன்று நடக்கும். விடியக் கண்விழித்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்குப் போனவர்கள் இவர்கள். நிறுத்திய அன்று பின்னேரமே விரல்கள் நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், சாப்பாடு இறங்காது. அன்றிரவோ மறுநாளோ வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் ஆளே மாறிவிடவும் கூடும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் அடிப்பார், செத்துப்போனவர்கள் முற்றத்தில் நிற்கிறார்கள் என்று கூப்பிடுவார், எந்த இடம் எந்த நேரம் என்று தெரியாது, உடம்பு கொதிக்கும். வீட்டார் இதை அம்மன் குற்றம் என்பார்கள். பேய் பிடித்ததென்று நூல் கட்டுவார்கள். மருத்துவம் இதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகக்கூடியது. குடியால் சாவு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். குடியைத் திடீரென்று விட்டாலும் சிலருக்குச் சாவு வரலாம் என்பது ஊருக்குத் தெரியாது. குடியைக் குறைக்கப் புறப்படும் எந்தச் சங்கமும் முதலில் அறிந்திருக்க வேண்டியது இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கிணற்றடித் துலாவை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு முனையில் நீர் நிறைந்த வாளி, மறுமுனையில் அதற்கு ஈடாகக் கட்டிய பாரம். மூளையில் கிளர்ச்சியை அடக்கும் இரசாயனமொன்று உண்டு, காபா என்று பெயர். கிளர்ச்சியைத் தூண்டுவது குளுட்டமேற்று. மதுசாரம் காபாவின் பக்கம் சேர்ந்து அமுக்கும். குளுட்டமேற்றின் வாயை அடைக்கும். அதனால்தான் முதல் கிளாசில் உடம்பு தளர்ந்து மனம் இலேசாகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் ஒரு பக்கம் அமுக்கப்பட்டால், மறுபக்கத்தில் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். குளுட்டமேற்றை வாங்கும் ஏற்பிகள் பெருகும், காபாவின் பிடி தளரும். பழைய தளர்வை எட்ட முன்னையதைவிடக் கூடக் குடிக்க வேண்டிவருவது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் இப்படிப் போனபிறகு ஒருநாள் வாளிக்கயிற்றை வெட்டிவிட்டால் மறுமுனை என்ன வேகத்தில் வந்து விழும்? நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் அந்த விழுகைதான். அது மனவுறுதிக் குறைவும் அல்ல, தெய்வக் குற்றமும் அல்ல.

இதற்கு மருந்து இருக்கிறது. விலையுயர்ந்த மருந்தும் அல்ல. டயஸிபாம் போன்ற மாத்திரையை வைத்தியர் கணக்குப் பார்த்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் எனப்படும் விற்றமின் பி1 வேண்டும். சோற்றை விட்டுச் சாராயத்திலேயே காலம் தள்ளியவருக்கு அது வற்றிப்போயிருக்கும். அந்த வறட்சி மூளையின் நினைவுப் பகுதியை நிரந்தரமாகக் கெடுத்துவிடக்கூடும். நிறுத்தியபின் வலிப்போ பிதற்றலோ வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் கோயில் முன்றலில் கிடத்தி வைத்திருப்பது ஆபத்து. விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, விடியக் குடிக்கும் பழக்கமுள்ளவர் வைத்தியரைக் கண்டுவிட்டால் நேர்த்தியும் நிறைவேறும், ஆளும் பிழைப்பார்.

குடிக்கிறவர்கள் எல்லோரும் இந்த நிலையில் இல்லை என்பது அடுத்துச் சொல்லவேண்டியது. இலங்கையில் 2015 இல் எடுத்த தேசிய அளவிலான கணிப்பில், முந்திய 30 நாளில் மது அருந்திய ஆண்கள் மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் கூட. பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்களில் பெரும்பகுதி விடியக் கை நடுங்குகிறவர்கள் அல்லர். கூலி கிடைத்த அன்று குடிக்கிறவர்கள், வலை இழுத்துக் காசு பங்கிட்ட அன்று குடிக்கிறவர்கள், கலியாண வீட்டின் பின்வளவில் குடிக்கிறவர்கள். ஆனால் அடிதடியும், மோட்டார் சைக்கிள் விபத்தும், வீட்டில் உடையும் சாமானும், பள்ளிக்கூடக் காசு கரைவதும் பெருவாரியாக வருவது இந்த நடுப்பகுதியிலிருந்துதான். ஊர் முயற்சிக்கு உண்மையான வேலை இருப்பதும் இங்கேதான்.

அவர்களை எப்படி இனங்காண்பது? உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய 10 கேள்விகள் உண்டு; ஓடிட் என்று சொல்வார்கள். எத்தனை நாளுக்கொருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, நிறுத்த நினைத்தும் முடியாமற்போனதா, விடியக் குடிக்க வேண்டியிருந்ததா, யாராவது கவலைப்பட்டுச் சொன்னார்களா என்று போகும். மொத்தம் 40 புள்ளி. 8 ஐ எட்டினால் கவனம் வேண்டும். 20 ஐ எட்டினால் வைத்தியரிடம் போக வேண்டும். இதைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. உளநலத் தொண்டர் ஒருவர் திண்ணையில் இருந்தபடி கேட்டுவிடலாம்.

"நாளொன்றுக்கு எவ்வளவு எடுப்பியள், அண்ணை?"

"பெரிசா இல்லைத் தங்கச்சி. உடம்பு நோவுக்கு ஒரு கால்போத்தல்."

கால்போத்தல் சாராயம் என்பது 180 மில்லி லீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு மதுசாரம் என்று வைத்தால் 60 மில்லி லீற்றர். மதுசாரம் தண்ணீரைவிட இலேசு என்பதால் நிறை ஏறத்தாழ 47 கிராம். ஓடிட் கணக்கில் 10 கிராம் ஓர் அலகு. அண்ணையின் "பெரிசா இல்லை" ஏறக்குறைய 5 அலகு. "பியர்தானே" என்று சொல்கிறவருக்கும் இதே கணக்கைச் செய்து காட்டலாம்: 8.8 வீதமுள்ள 500 மில்லி லீற்றர்த் தகரம் ஒன்றில் 35 கிராம் இருக்கிறது. 5 வீதத்துக்குப் புளித்த கள்ளு ஒரு முழுப்போத்தலில் 30 கிராம் வரும். கள்ளின் கணக்கு நேரத்தோடு ஏறும் கணக்கு. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் கருப்பநீர். சுண்ணாம்பின் காரம் மதுவக் கிருமியை வேலை செய்யவிடாது. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் பாளையிலிருந்து வடியும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலைக் கள்ளும் பின்னேரக் கள்ளும் ஒன்றல்ல.

ஆளுக்கு முன்னாலேயே வெறும் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அலகு அலகாகக் கிளாசில் ஊற்றிக் காட்டினால் அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். பயங்காட்டும் படங்கள் செய்யாத வேலையை இது செய்யும். தன்னுடைய அளவு தன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறதல்லவா. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி 1996 இல் வெளியிட்ட ஆய்வில், அளவுக்குமேல் குடித்த ஆண்களுக்கு இப்படி 5 நிமிட நேரடி ஆலோசனை கொடுத்ததில், அது கிடைக்காதவர்களைவிட அவர்களின் சராசரி நாளளவு 17 வீதம் குறைந்திருந்தது. நீண்டநேர ஆலோசனை பெற்றவர்களிலும் அதைவிடப் பெரிய பலன் தெரியவில்லை.

அந்தக் கால்போத்தலை இன்னும் கொஞ்சத் தூரம் பின்தொடர்ந்து போவோம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். தேசிக்காய்த் தண்ணியோ தயிரோ குளிப்போ அதை விரைவுபடுத்தாது. இரவு 9 மணிக்குக் குடித்து முடித்தால் 2 அல்லது 3 மணிக்குத்தான் இரத்தம் சுத்தமாகும். இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வன்னியில் பலர் ஏன் குடிக்கிறார்கள், குடித்தும் ஏன் ஆறுதல் கிடைப்பதில்லை என்பதன் பாதி விடை இதில் இருக்கிறது.

நந்திக்கடலின் கரையிலுள்ள ஊர் வற்றாப்பளை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், இந்தக் கடனீரேரியின் ஓரத்தில் என்ன நடந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அங்கிருந்து உயிரோடு வந்தவர்கள் மெனிக் பாம் முகாம்களில் இருந்துவிட்டு, மீளக்குடியமர்ந்து, காணியைத் துப்புரவாக்கி வாழத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய ஆய்வு, போர் தனியாட்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் பிணைத்திருந்த இழைகளையே அறுத்துவிட்டது என்று விளக்கியது. அப்படி அறுந்த இடங்களில் குடி நுழைந்தது.

நித்திரைக்காகக் குடிக்கிறோம் என்பார்கள். பொய்யில்லை, மதுசாரம் விரைவில் தூங்கவைக்கும். ஆனால் கனவு வரும் நித்திரைப் பகுதியை அது இரவின் முதற்பாதியில் அமுக்கிவிடுகிறது. இரத்தத்தில் மதுசாரம் தீரும்போது, அந்த 2 மணி, 3 மணி அளவில், நித்திரை கலைகிறது. அமுக்கப்பட்ட கனவுகள் அப்போது அடர்த்தியாகத் திரும்பி வருகின்றன. ஷெல் சத்தத்தைக் கனவில் கேட்டு எழும்புகிறவர் அதை மறக்கக் குடிக்கிறார். குடித்த மதுசாரமே அவரை விடியப்புறத்தில் அந்தக் கனவுக்குள் கொண்டுபோய் விடுகிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கிறார். இவரிடம் "குடியை விடு" என்று மட்டும் சொல்வது கொடுமை. நித்திரைக்கும் கனவுக்கும் சிகிச்சை கொடுத்துக்கொண்டே குடியைக் குறைக்க வேண்டும்.

உடம்பு நோவும் அப்படித்தான். எறிகணைச் சிதறலை உடம்பில் சுமந்துகொண்டு வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நோவுக்குச் சாராயமும் அதோடு பனடோலும் என்பது பலருடைய வைத்தியம். நாட்பட்ட குடியால் ஈரலில் ஒரு நொதியம் பெருகியிருக்கும். அது பனடோலில் ஒரு பகுதியை நஞ்சாக மாற்றும். அந்த நஞ்சை முறிக்கும் பொருளோ குடிகாரரின் ஈரலில் குறைந்திருக்கும். இரண்டு மாத்திரை எடுக்கிற இடத்தில் எட்டு, பத்து என்று போட்டால் ஈரல் தாங்காது. நோவை வைத்தியசாலையில் சொல்லி ஒழுங்கான மருந்து வாங்குவதும் குடியைக் குறைக்கும் வேலைதான்.

இனிக் கசிப்பு. பரலில் சீனியும் ஈஸ்ட்டும் தண்ணியும் கலந்து புளிக்கவிட்ட கோடாவைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து எடுப்பது. முல்லைத்தீவு, கிளிநொச்சிச் செய்திகளில் எத்தனையோ லீற்றர் கோடா பிடிபட்டது என்று அடிக்கடி வரும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரியோடு சேர்ந்து சாராய விலை ஏற, ஏழைக் குடிகாரர் கசிப்புப் பக்கம் சாய்ந்தார்கள். சீனிக் கோடாவில் மெதனோல் இயல்பாக அதிகம் உண்டாவதில்லை. கூட்டம் கூட்டமாகச் சாகிற சம்பவங்களில் பெரும்பாலும் யாரோ தொழிற்சாலை மெதனோலைக் கலந்திருப்பார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60 க்கு மேற்பட்டோர் மாண்டது அப்படித்தான். மெதனோலை ஈரல் ஃபோர்மிக் அமிலமாக மாற்றும். கண் நரம்பை முதலில் தாக்குவது அந்த அமிலம். குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கும். வெறி முறிந்த மறுநாள் கண் புகைகிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. மற்றபடி கசிப்பின் அன்றாட ஆபத்து, அதன் வலு யாருக்கும் தெரியாது என்பதும், பக்கத்து வளவிலேயே கடனுக்குக் கிடைக்கும் என்பதுமே. ஈரல் சுருங்குவதும், வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயும் சாராயம், பியர், கசிப்பு எல்லாவற்றுக்கும் பொது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

இவ்வளவும் உடம்பின் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த பாதி. ஏனெனில் அதில் வைத்தியருக்கு வேலையில்லை, ஊருக்குத்தான் வேலை.

இரவு ஒருவர் மனைவியை அடிக்கிறார். விடிய மாமியார் வந்து, வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடி சொல்லுவா: "அவன் வெறியில செய்தது பிள்ளை, மனசில வைக்காதை." பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்வார். சங்கத் தலைவரும் அதையே சொல்வார். வெறி என்ற ஒரு சொல்லால் அடி மன்னிக்கப்பட்டுவிடுகிறது. வெறி இல்லாமல் அடித்திருந்தால் ஊர் கேட்டிருக்கும்.

மதுசாரம் நிதானத்தைக் குலைப்பது உண்மை. முன்மூளையின் கட்டுப்பாடு தளரும், கண்முன் உள்ளதைத் தவிர மற்றது மறக்கும், கை கால் பிசகும். ஆனால் யாரை அடிப்பது என்று அது தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வெறியிலும் பெரும்பாலானோர் பொலிஸ்காரரை அடிப்பதில்லை. கடன் தந்தவரை அடிப்பதில்லை. கோயில் வீதியில் தூசணம் பேசுவதில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபிறகே கை ஓங்குகிறது. சமூக ஆய்வாளர்களான மக்ஆன்ட்ரூவும் எட்ஜர்டனும் 1969 இல் வெளியிட்ட நூலில் உலகின் பல சமூகங்களின் குடிப் பழக்கங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடித்தபின் சில சமூகங்களில் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள், சிலவற்றில் அமைதியாகிவிடுகிறார்கள். ஒரே சமூகம் காலத்துக்குக் காலம் மாறியும் இருக்கிறது. குடித்தவர் எப்படி நடப்பார் என்பதைச் சமூகமே கற்றுக்கொடுக்கிறது என்பது அவர்களின் முடிவு.

1973 இல் உளவியலாளர் மார்லட்டும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு வொட்கா கலந்த தொனிக் நீர், சிலருக்கு வெறும் தொனிக் நீர். ஆனால் உள்ளே இருப்பதும் சொல்லப்பட்டதும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்று அமைத்தார்கள். வொட்கா என்று நம்பியவர்கள், கிளாசில் ஒரு துளி வொட்கா இல்லாதபோதும், கூடக் குடித்தார்கள். மொடாக்குடியர்களும் அப்படியே. அளவைத் தீர்மானித்ததில் நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருந்தது.

கொழும்பு உளமருத்துவர் தியநாத் சமரசிங்கவும், மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையத்தில் வேலை செய்தவர்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஊர்களில் செய்துவந்த வேலையின் மையம் இந்த இடம். குடித்தவருக்கு நாம் கொடுக்கும் நியாயமற்ற சலுகையைப் பிடுங்குங்கள். குடியைச் சுற்றி நாம் கட்டிய கவர்ச்சியைக் கலைத்துப் பேசுங்கள். ஈரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் இளைஞருக்கு அது துணிச்சலாகப் போய்விடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்து, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைக் குற்றமாக்கியது. ஆனால் கலியாண வீட்டுப் பின்வளவில் நடக்கும் விளம்பரத்தை எந்தச் சட்டமும் தடுக்காது. அங்கே போத்தல் இல்லாவிட்டால் "என்ன சடங்கு இது" என்று கேட்கிற மாமன்தான் விளம்பரக்காரர்.

இந்த வழி பலிக்குமா என்று இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள். 2013 இல் வெளியான ஆய்வொன்றில் இரண்டு கிராமங்களை எடுத்தார்கள். ஒன்றில் தெரு நாடகம், சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், தனித்தனியாகவும் குழுவாகவும் கலந்துரையாடல். மற்றதில் ஒன்றுமில்லை. ஆண்களின் ஓடிட் புள்ளியை முன்னும், 6 மாதத்திலும், 24 மாதத்திலும் எடுத்தார்கள். வேலை நடந்த கிராமத்தில் குடியும் புள்ளியும் குறைந்தன; இரண்டு ஆண்டுக்குப் பிறகும் வித்தியாசம் நின்றது. இரண்டே கிராமங்கள், ஆட்கள் தாங்களே சொன்ன கணக்கு என்பதால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் பணம் அதிகம் தேவைப்படாத ஒரு வேலையின் பலன் இரண்டு ஆண்டு நின்றது என்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

வற்றாப்பளை, கேப்பாப்பிலவு, முள்ளியவளை, தண்ணீரூற்று ஊர்களில் இதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில் பரிபாலன சபை. அவை எடுக்கக்கூடிய முடிவுகள் சின்னவை. சாமத்திய வீட்டிலும் அந்திரட்டியிலும் போத்தல் வைப்பதில்லை. கூலியோடு சாராயம் கொடுப்பதில்லை. காசு முழுவதும் காசாக. வலைப்பங்கைப் பிரிக்கும் இடம் தவறணைக்குப் பக்கத்தில் வேண்டாம். பெண்ணை அடித்தவர் குடித்திருந்தாரா என்ற கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்கக்கூடாது. அடித்தாரா என்பதே கேள்வி. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதை மாதர் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்காகவும் இது வேண்டும். வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளி மாணவரிடம் செய்து 2008 இல் வெளியான ஆய்வு, வீட்டில் பிள்ளைகள் அனுபவித்த வன்முறையோடு இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதைக் கண்டது: போர் அனுபவம் ஒன்று, தகப்பனின் குடி மற்றது. முதலாவதை இனி நாம் மாற்ற முடியாது.

கடைகளைப் பற்றியும் ஊர் பேச வேண்டும். 2024 இல் புதிய மதுபானசாலை அனுமதிகள், குறிப்பாகக் கிளிநொச்சியில், நாடாளுமன்றம் வரை போன பிரச்சினையாயின. கடை கிட்ட வந்தால் குடி கூடும். கடை திறக்கும் நேரம் குறைந்தால் குடியும் குறையும். ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் 1992 இல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1993 இல் மாநிலத்தில் சாராயம் தடையாயிற்று, 1995 இல் முழு மதுவிலக்கு, 1997 இல் அது தளர்த்தப்பட்டது. அந்தப் பெண்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சட்டம் ஊரைவிட்டு மேலே போனதும் அரச வருமானக் கணக்கு அதை விழுங்கிவிட்டதையும் பார்க்க வேண்டும். வன்னியில் கடையை மட்டும் மூடிக் கசிப்பை விட்டுவைத்தால், குடிகாரர் வலு தெரியாத போத்தலுக்கு மாறுவார். இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். கசிப்புக் காய்ச்சுகிறவர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும் என்பதால், அவருக்கு வேறு தொழில் காட்டுவதும் சங்கத்தின் வேலைக்குள் வரும்.

ஓடிட் புள்ளி நடுவில் நிற்பவர்களுக்கு ஊர்ப் பேச்சோடு தனிப்பேச்சும் வேண்டும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. உளமருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 12 முதல் 19 வரை புள்ளி பெற்ற 377 ஆண்கள். அவர்களில் பாதிப்பேருக்கு 30 முதல் 45 நிமிடம் வரை, நாலு தடவைக்கு மேற்படாத பேச்சு. எப்போது குடிக்கத் தோன்றுகிறது, கூட்டாளி கூப்பிட்டால் எப்படி மறுப்பது, சம்பள நாளன்று எந்த வழியால் வீட்டுக்கு வருவது என்ற மாதிரியான பேச்சு. 3 மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 வீதம். பேச்சுக் கிடைக்காதவர்களில் 26 வீதம். ஓராண்டில் அது 54 வீதத்துக்கு 32 வீதம் என்றாயிற்று. நாட்கள் போகப் போக வித்தியாசம் கூடியிருக்கிறது. வற்றாப்பளைப் பக்கத்தில் உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் செய்ய முடியாத வேலையா இது?

20 ஐ எட்டியவர்களுக்கு மருந்தும் மேற்பார்வையும் தேவை என்று முன்னரே சொன்னேன். அதற்கும் வைத்தியசாலைக் கட்டில் மட்டும்தான் வழி என்றில்லை. சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை, 1989 முதல் காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம்கள் நடத்திவந்தது. ஊர் அமைப்பு இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்யும். வைத்தியரும் ஆலோசகரும் அங்கேயே தங்குவார்கள். வைத்தியக் கண்காணிப்பில் குடியை நிறுத்தவைத்து, மனைவிமாருக்கும் தனியாக அமர்வு வைப்பார்கள். குடிகாரனென்று ஒதுக்கியிருந்த ஆளுக்கு ஊரே சோறு போடுகிறது என்பதே அந்த முகாமின் பெரிய மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் தூள்களைப் பலர் இரகசியமாக வாங்குகிறார்கள். அவற்றில் டைசல்ஃபிராம் இருக்குமானால், அதற்குமேல் குடிக்கும்போது இரத்தத்தில் அசிற்றல்டிஹைட்டு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிரும் போகலாம். அந்த மருந்தை ஆள் அறிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

குடியை விட்டவர்களில் பெருந்தொகையானோர் முதல் ஆண்டுக்குள் ஒருதடவையாவது திரும்பக் குடிக்கிறார்கள். கூடுதலாகிவிட்ட அந்த மறுமுனைப் பாரத்தை மூளை இறக்கிவைக்க மாதங்கள் ஆகும். தவறணை வாசலும் பழைய கூட்டாளியின் குரலும் அதுவரை ஆளை இழுக்கும். "பார்த்தியா, நாய் வாலை நிமிர்த்தேலாது" என்று ஊர் சொல்கிற நாளும் அதுதான். அன்றைக்கு அவர் வெட்கப்பட்டு ஒளிந்துவிட்டால் எல்லாம் பழையபடி. நீரிழிவுக்காரருக்குச் சீனி ஏறினால் மருந்தை மாற்றுகிறோம், கிளினிக்கில் இருந்து பெயரை வெட்டுவதில்லை. இவருக்கும் அவ்வளவுதான் தேவை: மறுநாளே திரும்ப வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், வந்தால் ஏச்சு இல்லாமல் ஓடிட் தாளை மறுபடி எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். இரவில் ஆளில்லாத நேரத்துக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. வீட்டு வாசற் கதவின் உட்பக்கத்தில் அதை எழுதி ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.